இரண்டு கிலோ: பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்த ஆண்டு ஹவுஸ் சர்ஜன்களாக வார்டுக்குள் நுழையும் தம்பிகளே, தங்கைகளே,

நான் மருத்துவர் இல்லை. தொற்றுநோயைப் பற்றியும் பசியைப் பற்றியும் பல காலமாகப் படித்தும் எழுதியும் வருகிறேன். ஓ.பி.யில் உங்கள் மேசைக்கு எதிரே சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் பக்கம் நின்று உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல். காசநோய் என்று உறுதியான ஒருவர் உங்கள் முன் வந்தால் அவருடைய எடையைப் பாருங்கள். முதல் நாளும் பாருங்கள், இரண்டு மாதம் கழித்தும் பாருங்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

மாத்திரை எண்ணிக்கையை முடிவு செய்யவே எடை பார்க்கிறோமே என்பீர்கள். நான் கேட்பது அதற்காக மட்டும் இல்லை. எடையை நோயின் போக்காகவே பார்க்கச் சொல்கிறேன். அதற்கான காரணத்தை இருபது ஆண்டுகள் பொறுமையாகத் தேடி எடுத்த இருவரைப் பற்றி உங்கள் பாடப்புத்தகத்தில் அதிகம் இருக்காது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் கனியாரி என்றொரு ஊர். 1990களின் இறுதியில், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலிருந்து வந்த மருத்துவர்கள் சிலர் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற அமைப்பைத் தொடங்கி அங்கே ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். காட்டோரக் கிராமங்களிலிருந்து இருமிக்கொண்டே வந்தவர்களை நிறுத்துப் பார்த்தார்கள், உயரம் அளந்தார்கள், ஒருவரையும் விடாமல் எழுதி வைத்தார்கள். 2004 முதல் 2009 வரை வந்த 1,695 நுரையீரல் காசநோயாளிகளின் கணக்கு 2013இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஆண்களில் பாதிப்பேர் 42 கிலோவை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தார்கள். பெண்களில் பாதிப்பேர் 34 கிலோவுக்கு மேல் இல்லை. பிள்ளை பெற்ற, வயலில் வேலை செய்த பெண்களுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளையின் எடை. பி.எம்.ஐ. 16க்குக் கீழே போனால் கடும் மெலிவு என்று படித்திருப்பீர்கள். அங்கே வந்த பெண்களின் நடு அளவே 15தான். கடுமையாக மெலிந்தவர்கள் இறந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

காசநோய் வந்தால் மெலியத்தானே செய்வார்கள், இதில் என்ன புதுமை என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. நோய் பசியை அடக்குகிறது, காய்ச்சல் தசையைத் தின்கிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாத இருமலில் யாரும் குள்ளமாவதில்லை. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிய பட்டினி அது. கிருமி பின்னால்தான் வந்தது.

இந்த இரட்டைப் பிணைப்பு உலகத்துக்குத் தெரியாததும் இல்லை. குவாத்தமாலாவில் ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்திய நெவின் ஸ்க்ரிம்ஷா, பஞ்சாபின் நரங்வால் கிராமங்களில் பணியாற்றிய கார்ல் டெய்லர், ஜான் கோர்டன் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதி 1968இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூல் முழுக்க இதைப் பற்றியதுதான். சத்துக் குறைந்த உடலில் தொற்று எளிதாக வேரூன்றும், தொற்று வந்த உடல் இருக்கும் சத்தையும் இழக்கும். பி.எம்.ஐ. ஒரு புள்ளி குறைந்தால் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு கூடுகிறது என்று பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2023இல் உலகம் முழுக்க 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய்க்கு வழிவிடும் காரணங்களின் பட்டியலில் சர்க்கரை நோய், புகை, மது, எச்.ஐ.வி. எல்லாவற்றுக்கும் மேலே சத்துக்குறைவு நிற்கிறது.

இவ்வளவு தெரிந்திருந்தும் காசநோய்ச் சிகிச்சையில் சோற்றுக்கு ஏன் இடமில்லாமல் போயிற்று? அதற்கான விடையின் ஒரு பகுதி நம் சென்னையில் இருக்கிறது. தமிழ் மாணவர்களான உங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அந்த நாளில் டி.பி. என்றால் சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படுக்கைகளோ மிகக் குறைவு, நோயாளிகளோ லட்சக்கணக்கில். சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகளை எடுத்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் நெரிசலில் இருந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், எடையும் குறைவாகத்தான் ஏறியது. ஆனாலும் கிருமி ஒழிந்ததில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1959இல் வந்த அந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களின் கதவைச் சாத்தியது. கோடிக்கணக்கான ஏழைகள் வீட்டிலிருந்தபடியே பிழைக்க வழி பிறந்தது. மருத்துவ வரலாற்றில் சென்னை தந்த மிகப் பெரிய கொடை அது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி ஒன்று, பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்ட விடை வேறொன்று. மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் கிருமி சாகுமா என்று அது கேட்டது. சாகும் என்று விடை வந்தது. சாப்பாடு முக்கியமில்லை என்று அதைப் படித்துக்கொண்டோம். 193 பேரில், மருந்து ஒழுங்காகக் கிடைத்த நிலையில், ஓராண்டில் சளியில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்த்த ஆய்வு அது. 34 கிலோ உடம்போடு வந்த பெண் இரண்டாவது மாதத்தைத் தாண்டுவாளா, அவள் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு நோய் வருமா என்ற கேள்விகளுக்கு அதில் விடை தேட முடியாது. நல்ல மருந்து கையில் கிடைத்த உற்சாகத்தில் அடுத்த ஐம்பது ஆண்டுகள் அரிசியையும் பருப்பையும் யாரும் பெரிதாகச் சோதிக்கவில்லை.

அனுராக் பார்கவா பழைய ஏடுகளைப் புரட்டியது இந்த இடைவெளியை நிரப்பத்தான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே பாப்வொர்த் என்ற ஊரில் பெண்ட்ரில் வேரியர்-ஜோன்ஸ் என்ற மருத்துவர் முதல் உலகப் போர்க் காலத்தில் காசநோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பை உருவாக்கினார். நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரிக்கவில்லை. வீடு கொடுத்தார், உடம்புக்குத் தக்க வேலை கொடுத்தார், ஒழுங்கான கூலி கொடுத்தார், அதனால் நல்ல சாப்பாடு கிடைத்தது. மருந்தே இல்லாத காலம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் உடலில் கிருமி புகாமல் இல்லை, ஆனால் அது நோயாக மாறியது மிகக் குறைவு. 2012இல் பார்கவாவும் அவருடைய சகாக்களும் அந்தப் பதிவேடுகளைத் திரும்ப ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். 1946இல் வெளிவந்த இன்னொரு பதிவும் உண்டு. ஜெர்மானியப் போர்க்கைதி முகாமில் பிரிட்டிஷ் கைதிகளும் ரஷ்யக் கைதிகளும் ஒரே நெரிசலில் இருந்தார்கள். பிரிட்டிஷாருக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலம் வந்தது, ரஷ்யருக்கு வரவில்லை. ரஷ்யர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் மேல் காசநோய் கண்டது. பிரிட்டிஷாரில் நூற்றுக்கு ஒருவர் சொச்சம்தான்.

இவையெல்லாம் சான்றுதான், ஆனால் யாரும் திட்டமிட்டு நடத்திய சோதனை இல்லை. அப்படியொரு சோதனையை ஜார்க்கண்டில் நடத்தினார்கள்.

பார்கவா தம்பதியர் இதற்குள் மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரிக்கு வந்திருந்தார்கள். சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த ஆய்வில் கூட்டாளி. உணவைப் பின்னுக்குத் தள்ளக் காரணமாக அமைந்த அதே நிறுவனத்தின் வழிவந்தவர்கள், அறுபது ஆண்டு கழித்து அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்தார்கள் என்பதை மரியாதையோடு நினைக்கிறேன். ராஞ்சி உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் 28 காசநோய் அலகுகள். ஆகஸ்ட் 2019 முதல் ஜனவரி 2021 வரை, நடுவில் கொரோனா ஊரடங்கும் வந்துபோன அந்தக் காலத்தில், 2,800 நோயாளிகளையும் அவர்கள் வீட்டிலிருந்த 10,345 பேரையும் சேர்த்தார்கள். வீட்டாரில் மூன்றில் இரண்டு பங்கு சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் முதலான பழங்குடியினர்.

நோயாளிகள் எல்லாருக்கும், இரு பிரிவிலும், மாதம் பத்துக் கிலோ உணவுப்பை கொடுக்கப்பட்டது. ஐந்து கிலோ அரிசி, மூன்று கிலோ வறுத்த கொண்டைக்கடலை மாவு, ஒன்றரைக் கிலோ பால்பவுடர், அரை லிட்டர் எண்ணெய், கூடவே வைட்டமின் மாத்திரை. அந்த ஊர் மக்கள் வழக்கமாகக் கரைத்துக் குடிப்பது அந்தக் கடலை மாவைத்தான், வெளியூரிலிருந்து இறக்கிய சத்து பாக்கெட் எதுவும் இல்லை. ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். நோயாளிகளைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்குச் சோறு இல்லை என்று சொல்ல அந்த மருத்துவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆய்வு முறைக்கு அது ஒரு குறைதான். ஆனாலும் அதைச் சரியான முடிவென்றே நான் சொல்வேன்.

2023 ஆகஸ்டில் லான்செட் இதழிலும் அதன் உலக சுகாதார இதழிலும் முடிவுகள் வந்தன. உணவு கிடைத்த வீடுகளில் 5,621 பேரில் 96 பேருக்குக் காசநோய் வந்தது. கிடைக்காத வீடுகளில் 4,724 பேரில் 122 பேருக்கு வந்தது. எல்லாவகைக் காசநோயும் 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குத் தொற்றும் வகையான, சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. சுமார் முப்பது வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம். வீட்டாரில் ஒருவருக்கு ஆன செலவு மாதம் நான்கு டாலர். தடுப்பூசி ஒன்று இவ்வளவு காப்பாற்றியிருந்தால் நாடெங்கும் கொண்டாடியிருப்போம்.

நோயாளிகள் பக்கம் திரும்புவோம், உங்கள் வேலை அங்கேதான். சேர்ந்த அன்று ஐவரில் நால்வருக்கும் மேற்பட்டோர் மெலிந்தவர்கள், ஏறத்தாழப் பாதிப்பேர் பி.எம்.ஐ. 16க்கும் கீழே. நூற்றுக்கு மூன்று பேரால்தான் வேலைக்குப் போக முடிந்தது. சிகிச்சை முடியும்போது நான்கில் மூன்று பேர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். இதைவிட முக்கியமான ஒன்று: முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. நாற்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஐந்து விழுக்காடு என்றால் இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோ ஏறியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம்.

இந்தக் கணக்கை உள்ளதற்கு மேல் ஊதிச் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது. வீட்டாருக்கு நோய் குறைந்தது ஒழுங்காகப் பிரித்துச் செய்த சோதனையின் முடிவு. இரண்டு கிலோ ஏறியவர்கள் பிழைத்தார்கள் என்பது அப்படிப்பட்டதல்ல. நோய் முற்றியவருக்குச் சாப்பாடு இறங்காது, அதனால் எடை ஏறாமலும் இருக்கலாம். எடை உயிரைக் காத்ததா, தேறுகிற உடம்பு எடையைக் கூட்டியதா என்று அந்தக் கட்டுரையால் முழுதாகப் பிரிக்க முடியாது. ஆனால் வார்டில் நிற்கும் உங்களுக்கு இரண்டு வழியிலும் அந்த எண் பயன்படும். இரண்டு மாதத்தில் எடை ஏறவில்லை என்றால் அந்த மனிதர் ஆபத்தில் இருக்கிறார். சாப்பாடு இல்லையா, சர்க்கரை கட்டுப்படவில்லையா, மருந்துக்கு அடங்காத கிருமியா, மாத்திரை குமட்டுகிறதா, குடிப்பழக்கமா என்று தேடத் தொடங்க அது போதும். இன்னொன்றும் உண்டு. உணவுப்பை வந்த வீட்டில் நோயாளி மட்டும் தனியே சாப்பிட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாய் பாலைத் தனக்கு மட்டும் கரைத்துக்கொள்வாள்? வீட்டாருக்கென்று தனியே எதுவும் கொடுக்காத பிரிவிலும் நோயாளியின் பங்கு கொஞ்சம் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். அப்படியானால் உணவின் உண்மையான பலன் 39 விழுக்காட்டைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

தமிழ்நாடு ஜார்க்கண்ட் இல்லை. இங்கே ரேஷன் அரிசி எல்லாருக்கும் உண்டு, பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்கு உண்டு, பள்ளியில் முட்டை உண்டு. அதனால் இது நமக்குப் பொருந்தாது என்று நினைத்துவிடாதீர்கள். வயிறு நிறைவது வேறு, புரதம் சேர்வது வேறு. கட்டட வேலைக்குப் போய் இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்கும், தனியே வாழும் முதியவருக்கும், குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுப்பவருக்கும் ரேஷன் அட்டை தட்டை நிரப்புவதில்லை. நம் வீடுகளில் டி.பி. என்றதும் முதலில் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்கள். தட்டாலும் டம்ளராலும் இந்த நோய் பரவுவதில்லை. அதை அந்த வீட்டுக்காரர்களிடம் பொறுமையாகச் சொல்ல உங்களைவிட்டால் ஆளில்லை. தட்டைப் பிரித்து வைப்பவர்களிடம், அந்தத் தட்டில் தினம் ஒரு முட்டையும் ஒரு கை பருப்பும் இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

2022 ஏப்ரலில் நம் மாநிலம் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் வழிகாட்டிய திட்டம் இது. நோய் உறுதியானதும் ஒவ்வொருவரிடமும் மூன்றைப் பார்க்க வேண்டும்: கடும் மெலிவு இருக்கிறதா, மூச்சு திணறுகிறதா, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே என்றால் படுக்கையில் சேர்க்க வேண்டியவர். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான, 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது 31.5 கிலோ. அவ்வளவு மெலிந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாட்டைக் கொட்டினாலும் ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி உயிருக்கே ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் வைத்து மெல்ல மெல்ல ஊட்டச் சொல்கிறார்கள். இந்தத் திட்டத்தின் அடிப்படையே எடை மெஷினும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும்தான். எடை எழுதப்படாவிட்டால் திட்டம் தொடங்கவே தொடங்காது.

அரசு கொடுக்கும் உதவியும் உங்கள் நாவில் இருக்க வேண்டும். காசநோயாளிக்குச் சத்துணவுக்கென்று 2018இலிருந்து மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். கணக்கு எண் சரியாகப் பதியப்படாததால் பணம் வந்து சேராத நோயாளி உங்கள் ஓ.பி.யிலேயே இருப்பார், கேட்டால்தான் தெரியும். நன்கொடையாளர்கள் வழியாக உணவுப்பை கொடுக்கும் நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டில் வீட்டாருக்கும் கொடுக்கலாம் என்று இப்போது வழி செய்திருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் எனக்கு இது போதாது. நோயைத் தடுக்கும் என்று சோதித்து நிறுவப்பட்ட ஒரு மருந்தை நன்கொடையாளரின் மனத்தை நம்பி விடமாட்டோம். வீட்டாருக்கான அரிசியும் பருப்பும் மாத்திரையைப் போலவே உரிமையாகக் கிடைக்க வேண்டும். அரசிடம் அதைக் கேட்கும் பொறுப்பு எங்களைப் போன்றவர்களுக்கு உண்டு. அந்த வீட்டில் யார் யார் மெலிந்திருக்கிறார்கள் என்ற கணக்கு உங்கள் கையிலிருந்துதான் வரவேண்டும்.

உங்களில் சிலர் ஆராய்ச்சிக்குப் போவீர்கள். பெரிய ஆய்வகமும் வெளிநாட்டு நிதியும் கிடைத்தால்தான் உலகம் கேட்கும் கேள்வியை எழுப்ப முடியும் என்று யாராவது சொன்னால் கனியாரியை நினையுங்கள். நிறுத்துப் பார்த்த எடையையும் அளந்த உயரத்தையும் விட்டுவிடாமல் எழுதி வைத்ததிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தவைதான் இத்தனையும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இன்று ரவுண்ட்ஸ் முடிந்ததும் உங்கள் வார்டிலுள்ள காசநோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். எடையும் உயரமும் எழுதப்படாதவர் யாராவது இருந்தால் அவரை எழுப்பி நிறுத்தி அளந்து எழுதுங்கள். எழுந்து நிற்க முடியவில்லை என்றால் அதையும் எழுதி, அன்றே உங்கள் மூத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் ஒரு கட்டுரையாளர்